ஆய்வுப் பொருளா? ஆய்வுத் தோழரா?



என் பழைய தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

2006ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளிக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வந்தார். உளவியலில் முதுகலைப் பட்டத்திற்காக ஆய்வு செய்துகொண்டிருந்தவர். என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஆட்டிசம் உள்ளதாக மருத்துவர்கள் உறுதிசெய்த மாணவன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றிய வினாநிரல் ஒன்றை என்னிடமும் இன்னொன்றை அவன் தாயாரிடமும் அந்த ஆய்வாளர் கொடுத்தார். 'ஒருபோதும் இல்லை', 'சில வேளைகளில்', 'அடிக்கடி', 'எப்போதும்' என நான்கு கட்டங்கள். பொருத்தமானதில் குறியிட வேண்டும். ஓய்வு நேரத்தில் மைலோ குடித்துக்கொண்டே முடித்துவிட்டேன். 'காரணமின்றிக் கூச்சலிடுவான்' என்ற வரிக்கு நேரே 'அடிக்கடி' என்று குறியிட்டது இன்றும் நினைவில் இருக்கிறது.

அப்போது அந்த மாணவன் இரண்டு மேசைகளுக்கு அப்பால்தான் அமர்ந்திருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சென்ற தீபாவளியின்போது உறவினர் ஒருவரின் திறந்த இல்ல விருந்தில் அவரைச் சந்தித்தேன். இப்போது 28 வயது இளைஞர். அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு செய்கிறார். வீட்டின் பின்புறம், கூட்டம் இல்லாத இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். பழைய கதைகளைப் பேசும்போது அந்தக் கூச்சலைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பள்ளி மணி அடிப்பதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒரு கீச்சொலி வரும் சார். உங்களுக்கெல்லாம் அது கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்குக் காதில் ஊசி குத்துவதைப் போல் இருக்கும். மணி அடிப்பதற்கு முன்பே கத்திவிடுவேன். அதனால்தான் காரணம் இல்லை என்று நினைத்திருப்பீர்கள்," என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. நான் இட்ட அந்தக் குறி ஓர் ஆய்வேட்டில் எண்ணாகச் சேர்ந்திருக்கும். அந்த எண் ஓர் அட்டவணையில் இடம்பெற்றிருக்கும். 'காரணமின்றி' என்ற சொல் ஆய்வாளருடையது; குறி என்னுடையது; இரண்டும் பிழை. அப்பிழையைத் திருத்தக்கூடிய ஒரே மனிதர் இரண்டு மேசைகளுக்கு அப்பால் இருந்தார்.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், எழுத்து வாசிப்பில் இடர்ப்பாடு என மூளை வேறுவிதமாக இயங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வகுப்பறையில் காணும் எங்களுக்கு ஆய்வின் துணை மிகவும் தேவை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஆய்வில் அவர்களின் இடம் எது? அளக்கப்படும் பொருளாக மட்டும் அவர்கள் இருக்க வேண்டுமா? எதை அளப்பது, எப்படிக் கேட்பது, கிடைத்த விடைக்கு என்ன பொருள் என்று முடிவெடுக்கும் மேசையிலும் அவர்களுக்கு ஓர் இருக்கை உண்டா?

வெளியிலிருந்து பார்த்த கண்கள்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம் பழமொழி. உளவியல் துறை இதை மறந்ததற்கு வரலாற்றில் சான்று உண்டு. அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசம் பற்றிய கட்டுரையை 1943இல் வெளியிட்டார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்னும் கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை மக்களிடையே மேலும் பரப்பியது. எத்தனை தாய்மார்கள் குற்றவுணர்வில் வெந்திருப்பார்கள்!

அதை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் உளவியல் அறிஞர். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும்கூட. இது உடலியல் சார்ந்த நிலை என்று 1964இலேயே நூல் எழுதினார். வீட்டுக்குள் இருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. பெற்றோருக்கு இடம் கிடைத்தபோது அறிவியல் ஒரு படி முன்னேறியது. அடுத்த படி, அந்நிலையோடு வாழ்பவர்களுக்கே இடம் கிடைப்பது.

அஞ்சல் ஊழியர் ஆய்வாளரான கதை

கனடாவின் மாண்ட்ரியால் நகரில் அஞ்சல் ஊழியராக இருந்தவர் மிஷெல் டாசன். அவர் ஆட்டிசம் உள்ளவர்; முனைவர் பட்டம் பெறாதவர். அந்நகரின் மனநல மருத்துவரும் பல்கலைக்கழக ஆய்வாளருமான லோரான் மோட்ரோன், தம் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு அவரைக் கேட்டார். டாசன் சுட்டிக்காட்டிய குறைகளின் கூர்மையைக் கண்டு, தம் ஆய்வுக் குழுவிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்.

டாசனை முதல் ஆசிரியராகக் கொண்டு 2007இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள 38 பிள்ளைகளுக்கு இருவகை அறிவுத்திறன் சோதனைகளை அக்குழு நடத்தியது. ஒன்று, பேச்சையும் கேள்வி பதிலையும் பெரிதும் சார்ந்த வெக்ஸ்லர் சோதனை. மற்றொன்று, வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடித்து விடுபட்டதை நிரப்பும் ரேவன் சோதனை. 100 பிள்ளைகளைத் திறன்வாரியாகக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தினால், இப்பிள்ளைகள் முதல் சோதனையில் சராசரியாக 26ஆம் இடத்தில் நின்றார்கள். இரண்டாம் சோதனையில் 56ஆம் இடத்தில் நின்றார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள். மாறியது கேள்வி கேட்ட விதம் மட்டுமே. பின்னர் வந்த சில ஆய்வுகளில் இவ்வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், 'இந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு' என்று எழுதுவதற்கு முன் 'என் கேள்வி சரியா?' என்று கேட்க வேண்டும் என்பதை அக்கட்டுரை உலகுக்கு உணர்த்தியது. ஆசிரியராகிய எனக்கு அது சம்மட்டி அடியாக விழுந்தது.

கூட்டத்தை எப்படி நடத்துவது?

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2006இல் 'ஆஸ்பையர்' என்னும் கூட்டு முயற்சி தொடங்கியது. மருத்துவர் கிறிஸ்டினா நிக்கொலைடிஸ், ஆட்டிசம் உள்ளவரான டோரா ரேமேக்கர் ஆகிய இருவரும் அதை உருவாக்கினார்கள். நான் இங்கே அறியாமல் குறியிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில், அங்கே இப்படி ஒரு முயற்சி!

அவர்களின் செயல்முறை எளிமையானது. முகம் பார்த்துப் பேசுவது எல்லாருக்கும் இயல்பாக வராது என்பதால், கூட்டங்களை இணையத்தில் எழுத்து உரையாடலாக நடத்தினார்கள். வாய்திறந்து பேச இயலாதவரும் அதில் சமமாகக் கலந்துகொள்ள முடிந்தது. ஆய்வு வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்து, 'இச்சொல் எதைக் குறிக்கிறது? எவ்வளவு காலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்?' என்று தோழர்கள் திருத்தினார்கள். குழப்பும் சொற்களுக்கு விளக்கம் சேர்த்தார்கள். விடைக் கட்டங்களுக்குப் படங்கள் சேர்த்தார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு களைப்பு உண்டு. நாள்தோறும் மற்றவர்களைப்போல் நடித்து நடித்து, ஒரு கட்டத்தில் செய்ய முடிந்த வேலையும் முடியாமல் போகும் நிலை அது. ரேமேக்கரும் அவர் குழுவினரும் அதை ஆராய்ந்து 2020இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தார் கேட்கத் தோன்றாத கேள்வி அது, அனுபவித்தவர்களிடமிருந்துதான் வந்தது.

எழக்கூடிய மறுப்புகள்

முதலாவது: 'ஆட்டிசம் உள்ளவரே ஆராய்ந்தால் நடுநிலை கெடாதா?' ஒரு சான்று சொல்கிறேன். பிறர் மனத்தை உணர்வதில் குறை ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் இல்லை. இருதரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்று பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். இதைச் சோதிக்க, ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சங்கிலியாகக் கடத்தும் சோதனை நடந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியிலும் கதை மற்றவர்களின் சங்கிலியைப் போலவே நன்றாகக் கடந்தது என்றும், இருவரும் கலந்த சங்கிலியில்தான் மிகுதியாகச் சிதைந்தது என்றும் 2020இல் வந்த முடிவு கூறியது. 2025இல் இன்னும் பலரைச் சேர்த்துச் சோதித்தபோது, கலப்புச் சங்கிலியிலும் கதை குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாகச் சிதையவில்லை. இதுதான் அறிவியல். புதிய கேள்வியை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம்; விடையைச் சான்றே தீர்மானிக்கும். தோழராகச் சேர்த்துக்கொள்வது, அவர் சொல்வதையெல்லாம் சோதிக்காமல் ஏற்பது ஆகாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. 'பேசத் தெரிந்தவர் மேசைக்கு வருவார். பேச்சே இல்லாத என் பிள்ளைக்காக யார் பேசுவது?' என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அச்சகத்தில் வேலை செய்யும் இளைஞரின் அனுபவமும் அந்தப் பிள்ளையின் அனுபவமும் ஒன்றல்ல. ஆகவே பெற்றோரின் இருக்கையை எடுத்துவிட வேண்டாம். இன்னும் ஓர் இருக்கை போடுங்கள் என்கிறேன். படம் காட்டியோ, தட்டச்சு செய்தோ, தலையசைத்தோ, விலகிச் சென்றோ ஒரு பிள்ளை தரும் பதிலும் பதில்தான். என் மாணவனின் கூச்சலும் பதிலாகத்தான் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

மூன்றாவது, பெயருக்கு ஒருவரை அமர்த்திப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம். முடிவுகளெல்லாம் எடுத்தபின் அழைத்து ஒப்புதல் கேட்பது தோழமை ஆகாது. பிரிட்டனில் 10,000 பேரின் மரபணுத் தரவுகளைத் திரட்ட 2021 ஆகஸ்டில் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்று, ஆட்டிசம் உள்ளவர்களின் கடும் எதிர்ப்பால் மறுமாதமே இடைநிறுத்தப்பட்டது. தொடக்கத்திலேயே நம்பிக்கையைப் பெறாவிட்டால் ஆய்வுக்கே கேடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டில் என்ன செய்யலாம்?

மலேசியாவில் மாற்றுத்திறனாளர் சட்டம் 2008இல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை நாம் 2010இல் ஏற்று உறுதிசெய்தோம். அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களையும், குழந்தைகள் உட்பட, கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அதன் நான்காம் விதி. சட்டத்தையும் கொள்கையையும் வகுப்பவர்களுக்குச் சொன்ன அறம், அவற்றுக்கு அடிப்படை தரும் ஆய்வுக்கும் பொருந்தும் அல்லவா?

என் சிற்றறிவுக்கு எட்டிய ஆலோசனைகள்:

1. ஆய்வுத் திட்டம் எழுதும்போதே அந்நிலையோடு வாழும் பெரியவர் இருவரையாவது குழுவில் சேர்க்க வேண்டும். வினாநிரல் அச்சான பிறகு அழைப்பதில் பயனில்லை.

2. அவர்கள் தரும் நேரத்துக்கு ஊதியமும், அவர்கள் செய்த பங்களிப்புக்குக் கட்டுரையில் பெயரும் தர வேண்டும். தேநீரும் நற்சான்றிதழும் போதா.

3. ஆங்கில வினாநிரலை மலாய்க்கும் அங்கிருந்து தமிழுக்கும் மாற்றும்போது பொருள் திரிகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தரும் முன் தமிழ் பேசும் ஆட்டிச இளைஞர் ஒருவர் அதைப் படித்துப் பார்க்கட்டும்.

4. முடிவுகளை எளிய மொழியில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் திருப்பித் தர வேண்டும். 2006இல் நான் நிரப்பிக் கொடுத்த வினாநிரல் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தமிழாசிரியன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். ஆட்டிசத்தை 'மதியிறுக்கம்' என்று தமிழில் எழுதுகிறோம். நல்ல தமிழ்ச் சொல் என்று நானும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று விருந்தில் அந்த இளைஞரிடம் இச்சொல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார்.

"எனக்கு எல்லாச் சத்தமும் உள்ளே வந்துவிடுகிறது சார். இறுகியிருந்தால் எதுவும் உள்ளே வராதே," என்றார்.

அன்றிலிருந்து அச்சொல்லை எழுதும்போதெல்லாம் என் கை தயங்குகிறது. வேறு சொல்லை நானே ஆக்கித் தரவும் எண்ணம் இல்லை. அவரையும் அவர்போன்ற இன்னும் பலரையும் கேட்டுத்தான் ஆக்க வேண்டும்.

இனி எங்கள் பள்ளிக்கு வினாநிரலோடு யார் வந்தாலும், அமைச்சின் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தபின் ஒரு கேள்வி கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன்: "இதை எழுதும்போது இவர்களில் யாரைக் கேட்டீர்கள்?" விடை எதுவாயினும் அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "முதலில் இந்தப் பிள்ளையின் பக்கத்தில் சிறிது நேரம் உட்காருங்கள்," என்பேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். 'காரணமின்றி' என்று நீங்கள் குறித்த ஒன்றின் காரணத்தைப் பின்னாளில் அறிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.