பளபளப்பைப் பார்க்காதீங்க, பிடியைப் பாருங்க



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தாசேக் கெலுகோர் பையன்கள் ஆறு பேர், கூலிம் பக்கம் செடிம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். அதில் ஒருவன் என் தங்கச்சி மகன். 130 வெள்ளி கொடுத்து ஒரு கத்தி வாங்கி வைத்திருந்தான். கறுப்பு உறை, முதுகில் ரம்பப் பல், குழாய் மாதிரிப் பிடிக்குள்ளே திசைகாட்டியும் தூண்டில் முள்ளும். "சினிமாவில வர்ற கத்தி மாமா" என்று பெருமையாகக் காட்டினான்.

முதல் நாள் சாயங்காலம் விறகு பிளக்கும்போது அந்தக் கத்தியின் அலகு பிடியை விட்டுக் கழன்று பறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முழங்காலில் ஏழு தையல். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பையனைத் திட்டி என்ன செய்யறது? சொல்லிக் கொடுக்காதது நாமதானே! உளி பிடித்துக் கித்தா மரம் வெட்டியவர்கள் நம் தாத்தா, பாட்டி. அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை இறக்குகிறவர்கள் நாம். கத்தியால் சோறு சாப்பிட்ட குடும்பத்துப் பிள்ளை, கத்தி வாங்கத் தெரியாமல் ஏமாந்து நிற்கிறான்.

கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அந்தக் கத்திக்குப் போனது முழுசா இரண்டு நாள் உழைப்பு!

1982-இல் வந்த ராம்போ படத்துக்குப் பிறகுதான் இந்தக் குழாய்ப்பிடிக் கத்தி ஊர் ஊராகப் பரவியது. மலிவாகச் செய்த கத்தியில் அலகின் இரும்பு பிடிக்குள் கொஞ்சம்தான் போகும். ஓங்கி வெட்டினால் நிற்காது. நல்ல கத்தியில் இரும்பு வால் பிடிக்குள் நீளமாக இறங்கி இறுகியிருக்கும். கத்தி முதுகை ஒரு கட்டையில் தட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் காட்டுக்கு நம்மூர்ப் பாராங் போதும். பேராக்கில் பிடோர் பாராங்குக்கு நல்ல பேர். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. 40, 50 வெள்ளிக்குள் வாங்கலாம். துருப் பிடிக்கும்தான். எண்ணெய் தடவி வைத்தால் பிள்ளை காலத்துக்கும் வரும். பிரிட்டிஷ் ராணுவம் காட்டு வேலைக்கு எடுத்துக்கொண்ட கத்திக்குப் பேரே 'கோலோக்'. செய்தது இங்கிலாந்து மார்ட்டிண்டேல் கம்பெனி, பேரும் உருவமும் இந்தப் பக்கத்துடையது. நமக்குத்தான் நம் சாமானின் அருமை தெரியவில்லை.

கைக்கோடாலி காய்ந்த கட்டை பிளக்க நல்லது. பச்சைக் கொடியும் மூங்கிலும் வெட்டப் பாராங்தான் லாயக்கு. கோடாலி வாங்கினால் பிடியின் மர ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா, தலையில் ஆப்பு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவார்கள். காய்ந்ததும் மறுபடி ஆடும். புது ஆப்பு அடிப்பதுதான் வழி. மீன் கழுவ, வெங்காயம் நறுக்க ஒரு சின்னக் கத்தி போதும்.

தொழிற்சங்க வேலையில் எத்தனையோ சொக்சோ பாரம் நிரப்பியிருக்கிறேன். மழுங்கின கத்தியால் பட்ட காயம் நிறைய. மழுங்கினால் பலம் கொடுத்து வெட்ட வேண்டும், அப்போதுதான் வழுக்கும். ஆகவே கத்தியோடு தீட்டுக்கல்லும் வாங்குங்கள்.

இன்னொன்று, அண்ணன் தம்பிகளே! 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறை. முகாம் முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போகாதீர்கள். உறையில் போட்டு, சாக்கில் சுற்றி, மூட்டைக்குள் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பையனைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். கத்தியை அவன் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தீட்டவும் சொல்லிக் கொடுங்கள். நம் அப்பன் பிரட்டுக்குப் போகுமுன் உளியைத் தீட்டி நகத்தில் வைத்துப் பார்ப்பாரே, அந்தப் பழக்கம் நம்மோடு முடிந்துவிடக் கூடாது.