சாமி நகரத்தில், கோயில் மலையடியில்

வியட்நாமின் டா நாங் நகருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள். இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் தங்க நிறப் பாலம். பா நா மலையில் 2018இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் அழகானதுதான். ஆனால் மூன்று நாள் விடுமுறையில் போகிறவர்கள் அதற்கே ஒரு முழு நாளைக் கொடுத்துவிட்டு, நமக்கு நெருக்கமான வேறொன்றைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டா நாங் ஏறக்குறைய மூன்று மணி நேர விமானப் பயணம். அம்மா, அக்கா, அக்காவின் 11 வயது மகன், நான் என்று நால்வர் போயிருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே, ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும் என்று முடிவு செய்துகொண்டோம்.

முதல் நாள் சனிக்கிழமை. மாலையில் மீ கே கடற்கரையில் நடந்துவிட்டு, இரவு ஹான் ஆற்றங்கரைக்குப் போனோம். 666 மீட்டர் நீளமுள்ள கடல்நாகப் பாலம் 2013இல் திறக்கப்பட்டது. சனி, ஞாயிறு இரவுகளில் ஒன்பது மணிக்கு அந்த நாகம் நெருப்பைக் கக்கும், பிறகு தண்ணீரைப் பீய்ச்சும். தலைக்கு அருகில் நின்றால் நனைவது உறுதி. பையனுக்கு அதுதான் கொண்டாட்டம்.

மறுநாள் காலை, அதே பாலத்தின் மேற்கு முனைக்கு அருகிலுள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்திற்குப் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் 1919இல் திறந்த மஞ்சள் நிறக் கட்டடம். மத்திய வியட்நாமைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட சம்பா அரசின் சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் சிவன், லிங்கம், நந்தி, நடன மங்கையர். எல்லாம் மணற்கல். நான்கு கைகளோடு நின்ற கோலத்தில் ஒரு பிள்ளையார். கையிலுள்ள பாத்திரத்தில் தும்பிக்கையை விட்டு இனிப்பு எடுக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவர்.

அம்மா செருப்பைக் கழற்றப் போனார். அருங்காட்சியகம் என்று நான் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். ஆனால் முகம் வாடிவிட்டது. விளக்கு இல்லை, பூ இல்லை, சாமிக்குப் பக்கத்தில் ஓர் எண் மட்டும். பையன் கேட்டான்: “பாட்டி, சாமி இங்க இருக்கு. கோயில் எங்க?”

“அதத்தான் நானும் கேக்குறேன். கோயில்ல இருந்த சாமிய இப்படி எடுத்துட்டு வரலாமா?” என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

கோயில் இருக்குமிடம் மீ சன். டா நாங்கிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நுழைவாயிலிலிருந்து கோயில்களுக்கு அருகே வரை மின்வண்டி இருக்கிறது. முதியவர்களை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, அங்கே சிவப்புச் செங்கல் கோபுரங்கள். செங்கற்களுக்கு இடையில் சாந்து இருப்பதே தெரிவதில்லை. அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள்.

நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசர் இங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பி, தம் பெயரையும் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று வழங்கினார். தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜேச்சரம் ஆனதும் இதே முறையில்தான். ஆனால் இதைக் கட்டியவர்கள் தமிழர்கள் அல்லர். சாம் மக்களின் மொழி மலாய் மொழிக்கு உறவுமொழி. நம் ஊரில் நாம் தினமும் கேட்கும் மொழியின் உறவுக்காரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிவனைக் கும்பிட்டிருக்கிறார்கள் என்பது அக்காவை வெகுநேரம் பேசவைத்தது.

பிறகு ஏ1 என்று ஆய்வாளர்கள் குறியிட்ட கோயிலுக்கு வந்தோம். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே சிறந்த கோபுரம் அது. 1969இல், போரின்போது அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் சரிந்தது. அருகில் குண்டு விழுந்த பள்ளங்களில் இன்று புல் முளைத்திருக்கிறது. அம்மா அந்தச் செங்கல் மேட்டைப் பார்த்தபடி நின்றார். “நல்லவேளை, சாமி டவுன்ல இருந்துச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இருந்தாலும் பாவம், கோயில் தனியா மாட்டிக்கிச்சே” என்றும் சொன்னார்.

மிஞ்சியதைக் காப்பாற்றப் பலர் உழைத்திருக்கிறார்கள். போலந்துக் கட்டடக் கலைஞர் காசிமியெர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி 1980களின் தொடக்கத்திலிருந்து 1997இல் இறக்கும்வரை இந்தப் பணியில் ஈடுபட்டிருந்தார். 1999இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020இல், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கம் கிடைத்தது. இதைச் சொன்னதும் அம்மா, “ஒருத்தர் மட்டும் போகாம அங்கேயே இருந்துட்டாரா!” என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் ஹோய் ஆன் பழைய நகரில் மாலைப் பொழுதைக் கழித்தோம். காகித விளக்குகள், ஜப்பானியப் பாலம், ஆற்றில் படகுகள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கடைகளில் ‘சாய்’ என்று சொல்லிக் கேட்டால் போதும், புரிந்துகொள்வார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு யோசனை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அதைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்தது, அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், மீ சன்னுக்குப் பிறகு போங்கள். கோயிலை மட்டும் பார்த்தால் அது வெறும் செங்கல். சிற்பத்தை மட்டும் பார்த்தால் அது வெறும் கல். சாமியின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வெறுமையான கருவறைக்குள் எட்டிப் பாருங்கள். இரண்டையும் ஒன்றுசேர்ப்பது பார்க்கப் போகிற நம் வேலை.