எழுபத்தேழாவது நிமிடம்

சீசன் டிக்கெட் என்றால் நமக்குத் தெரிந்தது ரயில் சீசன்தான். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் படிக்கவும் வேலைக்கும் போய்வருகிறவர்கள் எடுப்பது. இங்கிலாந்தில் கால்பந்துக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. பிரீமியர் லீக் அணி ஒன்று ஒரு பருவத்தில் தன் சொந்த மைதானத்தில் ஆடுகிற 19 லீக் ஆட்டங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டி, ஓர் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொள்வது. ஆட்டங்கள் தொடங்கப் பல வாரங்கள் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் இருக்கை போச்சு. வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிற வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பன் உட்கார்ந்த இடம், தாத்தன் உட்கார்ந்த இடம் என்று அந்த இருக்கைக்கு ஒரு குடும்பக் கதையே இருக்கும். விலையை ஏற்றிவிட்டு, "புதுப்பிக்கிறாயா, விட்டுவிடுகிறாயா?" என்று கிளப்பிலிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில்.

வெள்ளைக்காரன் டிக்கெட் எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கல்லூரி விடுதிகளில் ராத்திரி ஒரு மணிக்கு லிவர்பூல் சட்டையைப் போட்டுக்கொண்டு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பயலுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் போய் "இது ஏகாதிபத்திய மோகம்" என்று வகுப்பெடுப்பதைவிட, அவர்கள் நேசிக்கிற அந்த ஊரில் என்ன நடந்தது என்று சொல்வது பிரயோசனம்.

அதற்கு முன் டிக்கெட் என்கிற துண்டுக் காகிதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமா பற்றி எழுதியபோது ஒரு விஷயத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை. அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையில் இருந்த காசு என்றார். எல்லா ஊரிலும் அது அப்படியே நடந்ததா என்பது வேறு விவாதம். தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி என்று பேதம் இருந்தது; ஆனால் டிக்கெட் கிழிக்கிறவன் "நீ எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. காசு கொடுத்தவனுக்கு இடம் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் வியாபாரம். இந்த மண்ணில் அது ஒரு விடுதலையாகவும் இருந்தது.

மிகைப்படுத்துகிறோம் என்று நினைத்தால் 2022 டிசம்பருக்குப் போங்கள். வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அதை விசாரிக்கப் போன மாவட்ட அதிகாரிகள் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள். வழக்கும் போட்டார்கள். டீக்கு ரெண்டு பேரும் கொடுக்கிற காசு ஒன்றுதான், கிளாஸ்தான் வேறு. ஆகவே "காசு கொடுத்தால் சமமான இடம்" என்பதை நாம் அலட்சியமாகப் பேச முடியாது. அந்தக் கதவு யாருக்குத் திறந்தது, யார் அதை மறுபடி சாத்துகிறார்கள், எந்தப் பூட்டுப் போட்டுச் சாத்துகிறார்கள் என்று பார்ப்பது நம் வேலைதான்.

இங்கிலாந்தில் கால்பந்து ஆலைத் தொழிலாளியின், துறைமுகக் கூலியின் ஆட்டமாக வளர்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நேரே மைதானம். படிக்கட்டுத் திண்ணைகளில் நெருக்கியடித்து நின்றுகொண்டு பார்ப்பது. 1989 ஏப்ரல் 15இல் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பி வேலிக்குள் நெரிபட்டு லிவர்பூல் ரசிகர்கள் செத்தார்கள். மொத்தம் 97 பேர். குடிகாரக் கும்பல் தானே தேடிக்கொண்ட சாவு என்று போலீஸ் கதை கட்டியது, 'சன்' பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தப்பே இல்லை என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆனது. இருபத்தேழு வருஷம். பாதிக்கப்பட்டவன் தலையிலேயே பழியைக் கட்டுவது எப்படி என்று புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லிவர்பூல் மக்கள் அந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்தினார்கள். இன்றுவரை அந்த ஊரில் அதைக் கையில் தொடாதவர்கள் ஏராளம்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். நின்று பார்ப்பதை ஒழித்து எல்லோருக்கும் இருக்கை போடச் சொன்னார். கூடவே, நின்று பார்த்தவர்களின் சட்டைப்பைக்கு ஏற்றபடி மலிவான இருக்கைகளின் விலையை வைக்க முடியும் என்றும் சொன்னார். உதாரணத்துக்கு ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு என்று காட்டினார். கிளப் முதலாளிகள் முதல் பாதியை மட்டும் படித்தார்கள். இருக்கை வந்தது. 1992இல் பிரீமியர் லீக் வந்தது, தொலைக்காட்சிப் பணம் வந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. செத்தவர்களின் பெயரால் செய்த சீர்திருத்தம், செத்தவர்களின் வர்க்கத்தையே மெல்ல மெல்ல வெளியே தள்ளியது.

2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் அடுத்த பருவத்துக்கான விலையை அறிவித்தது. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்ச டிக்கெட் 77 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 7,500 ரூபாய். அதிகபட்ச சீசன் டிக்கெட் ஆயிரம் பவுண்டைத் தாண்டி 1,029. அங்கே அப்போது சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.70 பவுண்டு. அதாவது தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். சில ஆட்டங்களுக்கு 9 பவுண்டிலும் கொஞ்சம் டிக்கெட் வைத்திருக்கிறோமே என்று கிளப் காட்டியது. நாலு ஏழைக்கு இலை போட்டு நாற்பது பேர் வீட்டு அரிசியை அள்ளுவது பழைய வித்தை. (2026 உலகக்கோப்பைக்கு ஃபிஃபா வைத்த விலையைப் பார்த்து ஊரே திட்டியதும், 2025 டிசம்பரில் 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கினார்களே, அதுவும் இதே இலைதான்.)

பிப்ரவரி 6ஆம் தேதி சண்டர்லாண்டுடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கிறது. 77ஆவது நிமிடம் வந்ததும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். தோற்கிற அணியை விட்டுவிட்டுப் போகவில்லை. ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு சண்டர்லாண்டு ரெண்டு கோல் போட்டு ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நாலே நாளில், பிப்ரவரி 10இல், அமெரிக்க முதலாளிகள் மன்னிப்புக் கேட்டார்கள். 77 பவுண்டு ரத்து, பழைய 59 பவுண்டே உச்சம், விலை உயர்வு நிறுத்தம். அடுத்த மாதமே பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து, வெளியூர் ஆட்டம் பார்க்க வருகிற ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தன.

தனி மனுசன் ஒருத்தன் கோபித்துக்கொண்டு சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கிளப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வரிசையில் நிற்கிற அடுத்த ஆள், அநேகமாக இவனைவிட வசதியான ஆள், அதே இருக்கையில் அதே விலைக்கு உட்காருவான். இவனுடைய சுயமரியாதை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும். "பிடிக்கலேன்னா வாங்காதே" என்கிற சந்தைத் தத்துவம் முதலாளிக்கு வசதியாக இருப்பது இதனால்தான். எதிர்ப்பவனைத் தானாகவே வடிகட்டி வெளியே அனுப்பிவிடுகிறது. லிவர்பூல்காரர்கள் அந்தப் பொறிக்குள் விழவில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்துகொண்டு, ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அதற்குப் பின்னால் சங்கம் இருந்தது. 2008இலேயே தொடங்கிய 'ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி' என்கிற ரசிகர் சங்கம், சந்தா, கூட்டம், வாக்கெடுப்பு என்று சலிப்பூட்டுகிற வேலைகளையெல்லாம் செய்துவைத்திருந்தது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்கிற கேள்வியை அடுப்படியிலிருந்து எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டுபோனதுதான் அந்தப் பத்தாயிரம் பேரின் சாமர்த்தியம்.

அதே வாரத்தில் ஜெர்மனியில் டார்ட்மண்டு ரசிகர்கள், ஸ்டுட்கார்ட்டில் டிக்கெட் விலை அதிகம் என்று முதல் இருபது நிமிடம் உள்ளே வராமல் நின்றுவிட்டு, பிறகு வந்து ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டார்ட்மண்டின் தெற்குப் பக்கத்தில் இருபத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் நின்றபடி மலிவாகப் பார்ப்பது முதலாளியின் கருணையால் வந்ததில்லை.

எல்லாத் தடவையும் ஜெயித்தார்கள் என்று பொய் சொல்லப் போவதில்லை. 2024இல் லிவர்பூல் மறுபடி 2 விழுக்காடு ஏற்றியது. ஏப்ரல் 11இல் அட்டலாண்டாவுடன் ஆட்டம். ரசிகர்கள் தங்கள் கொடிகளை ஏற்றவில்லை. எப்போதும் சிவப்பாகக் கொந்தளிக்கிற பக்கம் வெறுமையாகக் கிடந்தது. லிவர்பூல் 0-3 என்று தோற்றது. விலை குறையவில்லை. ரெண்டு விழுக்காடுதானே என்று சிலர் கேட்டார்கள். 2025இல் தொடங்கி நாலு பருவங்களுக்கு உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமம் மட்டும் 670 கோடி பவுண்டுக்கு விற்கிற லீக்கில் அந்த ரெண்டு விழுக்காடு முதலாளிக்கு எதற்கு என்பதுதான் எங்கள் கேள்வி. உலகம் பூராவும் மாதச் சந்தா கட்டிச் செல்போனில் பார்க்கிறவர்களின் காசும் அந்த லீக்குக்குத்தான் போகிறது. நம் விடுதிப் பயலுகளும் சீசன் டிக்கெட்காரர்கள்தான், இருக்கை மட்டும் இல்லை.

மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை 2005இல் கிளேசர் குடும்பம் கடனில் வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியபோது, ஒரு பகுதி ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த சீசன் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. 2009இல், ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு மேல் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று சீசன் டிக்கெட் விற்றார்கள். கீழ்மட்ட லீக்கில் ஆடுகிற கிளப்தான். 2015இல் சொந்த மைதானமும் கட்டிக்கொண்டார்கள். புதுப்பிக்காமல் விடுவதில் இப்படியும் ஒரு வழி இருக்கிறது. போய் நிற்க வேறு இடத்தைக் கட்டிவிட்டு வெளியேறுவது.

இதையெல்லாம் பாராட்டும்போது ஒரு நெருடலும் இருக்கிறது. 77 பவுண்டுக்கு எதிராக எழுந்தவர்கள், அதற்கு முந்தைய விலைகளைக் கட்ட முடிந்தவர்கள். 20 பவுண்டில் ஒரு கூட்டம் கழன்றது, 40இல் ஒரு கூட்டம் கழன்றது. அவர்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் போனபோது பத்தாயிரம் பேர் எழவில்லை. கத்தாரில் 2022 உலகக்கோப்பைக்கு மைதானம் கட்டப் போனவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். உள்ளூர்வாசிகளுக்கான மிக மலிவான டிக்கெட் 40 ரியால். ரொம்பக் குறைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டார்கள். ஒரு நாள் கூலிக்கு மேல் அது.

நம் பக்கம் வாருங்கள். வடசென்னை வியாசர்பாடி எத்தனை கால்பந்து ஆட்டக்காரர்களை உருவாக்கியிருக்கிறது! தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடினார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் நாலரை வருஷத் தாகத்தைத் தீர்த்த நந்தகுமார் சேகர் வியாசர்பாடிப் பையன். அந்தத் தெருக்கள் ஆட்டக்காரனைக் கொடுக்கின்றன. பார்வையாளர் மாடத்தில் அந்தத் தெருவுக்கு எவ்வளவு இடம் என்று எந்தக் கிளப்பும் கணக்கு வைப்பதில்லை. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகர் படையான 'மஞ்சப்படை' 2024 டிசம்பரில் இனி டிக்கெட் எடுக்கப் போவதில்லை என்று அறிவித்தது. காரணம் விலை அல்ல, நிர்வாகத்தின் போக்கு. ஆனாலும் டிக்கெட்டை ஓட்டுச்சீட்டு மாதிரிப் பயன்படுத்த முடியும் என்று பக்கத்து மாநிலத்தில் காட்டியிருக்கிறார்கள். விலைக்கு வரம்பு போடுவது இங்கே நடக்காத காரியமும் அல்ல. சினிமா டிக்கெட்டுக்குத் தமிழ்நாட்டு அரசே உச்சவரம்பு வைத்தது. சென்னையின் பெரிய மல்டிபிளெக்ஸ்களில்கூட முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் என்று ஒன்று இருந்ததை அங்கே படித்த மாணவர்கள் அறிவார்கள். விளையாட்டு மைதானத்துக்கு அப்படி ஒரு வரம்பை யார் கேட்டோம்?

நம் மாவட்டத்தில் சீசன் டிக்கெட் கிடையாது. கண்மாய்ப் பொட்டலில் ஆட்டம், கரைமேல் நின்று பார்க்கக் காசு இல்லை. ஆனால் நோட்டீசைப் பாருங்கள். முதல் பரிசு, சுழற்கோப்பை, நன்கொடையாளர் பெயர்கள், கீழே பொடி எழுத்தில் "நுழைவுக் கட்டணம்". அதுதான் நம் ஊர் 77 பவுண்டு. பரிசுத் தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. கட்ட முடியாத அணி எது என்று பார்த்தால், அது அநேகமாகக் காலனிப் பயலுகளின் அணி. "நாங்க யாரையும் வரவேண்டாம்னு சொல்லலையே, பணம் கட்டலைன்னா நாங்க என்ன பண்றது?" என்று விழாக் குழு சொல்லும். சாதி பார்க்கிறார்கள் என்று புகார் கொடுக்கவும் முடியாது. ரசீதுப் புத்தகத்தில் சாதி இருக்காது, தொகை மட்டும்தான் இருக்கும். காசு கொடுத்தவனுக்கு இடம் என்று எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தோமோ, அதே கதவு வழியாகவே வெளியே அனுப்புகிறார்கள்.

விழாக் குழுக்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள். மாணவர்கள் இருக்கிறார்கள், நோட்டீஸ் அடிப்பதும் கோடு போடுவதும் அவர்கள்தான். இந்தக் கோடையில் தண்ணி வற்றிப் பொட்டல் தெரிந்ததும் கட்டணத்தை எவ்வளவு போடலாம் என்று உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால், போன வருஷம் எந்தத் தெரு அணி வரவில்லை என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.