பொய்க் காதலும் மெய்யான அதிகாரமும்

‘காதல் கதைதானே, இதுல என்ன அரசியல் வேண்டிக்கிடக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘வணிக எழுத்துக்கெல்லாம் ஒரு தலையங்கமா?’ என்று முகம் சுளிக்கிற இலக்கியவாதிகளும் உண்டு. இரண்டு தரப்பும் நிற்பது ஒரே இடத்தில்தான். ஏராளமான பெண்கள், அதிலும் படிக்கிற பெண்கள், ராத்தூக்கம் கெட்டு ஒரு புத்தகத்தைப் படிக்கிறார்கள் என்றால், அவர்களுடைய ஏதோவொரு பயமும் ஏதோவொரு ஆசையும் அதில் பேசப்பட்டிருக்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் ‘குப்பை’ என்று தள்ளுவது மேட்டிமைத்தனம். கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போவதும் நம் வேலையல்ல.

அலி ஹேசல்வுட் என்ற புனைபெயரில் எழுதுபவர் இத்தாலியில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர். 2021இல் அமெரிக்காவில் வெளியான அவருடைய ‘தி லவ் ஹைப்பாதிசிஸ்’ விற்பனையில் சக்கைபோடு போட்டது. கதை நடப்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில். ஆலிவ் ஸ்மித் மூன்றாமாண்டு ஆய்வு மாணவி. கணையப் புற்றுநோயில் தாயைப் பறிகொடுத்தவள், அந்த நோயைப் பற்றியே ஆய்வு செய்கிறாள். தன் பழைய நண்பனைத் தோழி ஆன் விரும்புகிறாள், ஆனால் தன்னை நினைத்துத் தயங்குகிறாள் என்று தெரிந்ததும், ‘எனக்கு வேற ஆள் இருக்கு’ என்று காட்டுவதற்காக எதிரே வந்தவரை முத்தமிடுகிறாள். வந்தவர் ஆடம் கார்ல்சன். மாணவர்களை அழவைப்பதில் பெயரெடுத்த பேராசிரியர். அவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று சந்தேகித்துத் துறை அவருடைய ஆய்வு நிதியை முடக்கி வைத்திருக்கிறது. உள்ளூரில் காதலி இருக்கிறாள் என்றால் நம்புவார்கள். ஆக, ஒப்பந்தம் போடுகிறார்கள். செப்டம்பர் 29 வரை, வாரம் ஒருநாள், பத்து நிமிடம், காப்பிக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தப் பொய் ஒப்பந்தம்தான் நாவலின் உண்மையான பகுதி. பல்கலைக்கழகத்தில் ‘தகுதி’ மட்டுமே ஆளுகிறது என்று சொல்லித்தரப்பட்ட கதையாடலை அது போட்டு உடைக்கிறது. நிதி யார் கையில், யார் யாருக்கு வேண்டியவர், யார் சொன்னால் எடுபடும் என்பதெல்லாம் அங்கே தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒரே பொய்க்கு இருவரும் கொடுக்கிற விலை ஒன்றல்ல. வெளியே தெரிந்தால் அவருக்குக் கொஞ்சம் சங்கடம். அவளுக்கோ ‘படுத்து மேலே வந்தவள்’ என்ற பட்டம்.

அந்தப் பட்டம் வந்தே சேருகிறது. ஹார்வர்டு பேராசிரியர் டாம் பெண்டன் ஆடமின் நெருங்கிய நண்பர். ஆலிவுக்குத் தன் ஆய்வுக்கூடத்தில் இடம் தருவதாகச் சொன்னவர். பாஸ்டன் மாநாட்டில் அவளிடம் தவறாக நடக்க முயல்கிறார். அவள் மறுத்ததும் அவளுடைய ஆய்வையே மட்டம்தட்டுகிறார். வெளியே சொன்னால் உன்னை யார் நம்புவார்கள் என்று மிரட்டுகிறார். ஆய்வு மாணவராக இருக்கும் தோழர்களுக்கு இது அந்நிய நாட்டுச் சங்கதியாகத் தோன்றாது. கையெழுத்தும் உதவித்தொகையும் ஒரே ஆளின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

ஆலிவ் எப்படித் தப்பிக்கிறாள்? அவள் தன் உரையைப் பதிவு செய்ய வைத்த கைப்பேசி, பெண்டன் பேசியதையும் தற்செயலாகப் பதிவு செய்துவிடுகிறது. இன்னொரு பேராசிரியரான ஆடம் அவள் பக்கம் நிற்கிறார். பெண்டன் மாட்டிக்கொள்கிறார். நமக்கு எழுகிற கேள்வி இதுதான்: பதிவு ஓடாமல் போயிருந்தால்? அவளுக்கு ஆடம் மாதிரி ஒரு ஆள் இல்லாமல் போயிருந்தால்? கெட்ட பேராசிரியனை நல்ல பேராசிரியன் வீழ்த்துகிறான். பேராசிரியனின் அதிகாரம் அப்படியே இருக்கிறது. மாணவர்களை அழவைத்த ஆடமின் கடுமையும் அவர் நல்ல காதலர் என்று தெரிந்ததும் ‘உள்ளே தங்கமான மனுஷன்’ என்று பூசி மெழுகப்படுகிறது.

இந்தக் கதையின் பூர்வீகத்தையும் பார்க்கவேண்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் ரசிகைகள் இணையத்தில் காசு வாங்காமல் எழுதிக் குவித்த கதைகளில் ஒன்றாகத்தான் இது பிறந்தது. அங்கே கதாநாயகி ரே, எதிரி கைலோ ரென். பேரரசுக் கனவோடு ஆட்களைக் கொன்று குவித்த படைத்தலைவன் இங்கே வாத்தியாராகியிருக்கிறான். பெண்கள் பேனாவைப் பிடுங்கி, ஆண்கள் எடுத்த படத்தைத் தங்கள் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதியதை நாம் மதிக்கிறோம். ஆனால் திருத்தி எழுதியும் வல்லவனை நல்லவனாக்குவதோடு கற்பனை நின்றுவிட்டதே என்பதுதான் நம் ஆதங்கம்.

ஏனென்றால் வேறு வழி அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. தோழி ஆன், அறிவியல் துறையிலுள்ள வெள்ளையரல்லாத பெண்களை ஒன்றுசேர்க்கும் அமைப்பில் வேலை செய்கிறவள். நாவல் அவளைக் காதலர்களை நெருங்கி உட்காரவைக்கிற வேலைக்குத்தான் பயன்படுத்துகிறது. அமைப்பு கட்டுகிறவளை ஓரத்தில் நிறுத்திவிட்டு, மீட்பைக் காதலன் கையில் கொடுக்கிறது.

நடப்பு உலகம் வேறு விதமாகப் போயிருக்கிறது. அறிவியல் துறைகளில் பாலியல் சீண்டல் பற்றி அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. மாணவர் ஒரே வழிகாட்டியை அண்டிக் கிடக்கும் நிலையை உடைக்க வேண்டும், உதவித்தொகையை அந்த ஒருவர் கையிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அது சொன்னது. 2022 நவம்பரில் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆய்வு மாணவர்கள் அதில் பெரும்பங்கு. 2023இல் ஆலிவ் படிப்பதாகச் சொல்லப்படும் அதே ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்கள் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள்.

‘நான் சொன்னா யார் நம்புவா?’ என்ற பெண்ணின் பயத்தை இந்த நாவல் நேர்மையாகவே எழுதியிருக்கிறது. அதற்காக அதைப் படிக்கலாம், தோழிகளோடு உட்கார்ந்து விவாதிக்கலாம். ஆனால் நம்பப்படுவது ஒருத்தியின் அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது. புகாரை விசாரிக்கும் குழுவில் மாணவர் பிரதிநிதி வேண்டும். வழிகாட்டியை மாற்றினாலும் உதவித்தொகை நிற்கக்கூடாது. கைப்பேசி பதிவு செய்யாத பெண்ணின் வாய்ச்சொல்லையும் சாட்சியமாகக் கேட்க வேண்டும். காதலன் இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? இந்த வேலையை அவன் தலையில் கட்டாமல் நாமே செய்வோம்.