கட்டளையை மீறின கப்டன்

சீருடை போட்ட ஒருவர் கட்டளையை மீறினால் அது எப்பவும் பிழைதானா? என்னைக் கேட்டால், நிக்கொலாஸ் பப்பாஸின் கதையைப் படித்துவிட்டு வாங்கோ என்பேன். கிரேக்கக் கடற்படையின் ‘வேலொஸ்’ என்ற நாசகாரிக் கப்பலின் கப்டன் அவர்.

1967 ஏப்ரல் 21, தேர்தலுக்கு ஐந்து கிழமை இருக்க, கேணல்மார் சிலர் டாங்கிகளோடு வந்து ஆட்சியைப் பிடித்தார்கள். எதிர்த்தவர்கள் சிறைக்கும் தீவுகளுக்கும் போனார்கள். 1973 மே மாதம் கடற்படை அதிகாரிகள் அந்த ஆட்சியைக் கவிழ்க்கப் போட்ட திட்டம் முன்கூட்டியே பிடிபட்டது. பலர் கைதானார்கள். திட்டத்தில் பங்கெடுத்திருந்த பப்பாஸ் அப்போது நேட்டோ பயிற்சிக்காக இத்தாலிப் பக்கக் கடலில் இருந்தார்.

மே 25, அவர் கப்பலைப் பயிற்சியிலிருந்து விலக்கி, ரோமுக்குப் பக்கத்தில் ஃபியுமிசினோவுக்கு அப்பால் நங்கூரம் போட்டார். சொன்ன காரணம் அருமையானது: நேட்டோ ஒப்பந்தத்தின் முன்னுரையே ஜனநாயகம், தனிமனித சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி பற்றித்தானே பேசுது! அவரும் முப்பது பேரளவிலும் இத்தாலியில் அரசியல் தஞ்சம் கேட்டார்கள். ஒரு வெடிகூட வைக்கவில்லை. செய்தி உலகம் முழுக்கப் போனது.

“கேணல்மார் செய்ததும் மீறல்தானே, இவருக்கு மட்டும் ஏன் கைதட்டு?” நியாயமான கேள்வி. விலையை யார் கட்டினது எண்டு பாருங்கோ. கேணல்மாரின் மீறலுக்கு முழு நாடும் ஏழு வருசம் விலை கட்டியது. பப்பாஸ் தன் பதவியையும் ஊரையும் தானே இழந்தார். கூட வர விரும்பிய மற்ற மாலுமிகளைக் கப்பலோடு நாடு திரும்பச் சொன்னார். தன் முடிவின் பாரத்தை அந்தப் பெடியங்களின் தலையில் ஏற்றவில்லை.

ஆட்சி உடனே விழவில்லை. சைப்பிரசில் கைவைத்து மாட்டுப்பட்ட பிறகு, 1974 ஜூலையில்தான் விழுந்தது. பப்பாஸ் நாடு திரும்பி, மீண்டும் சீருடை போட்டார். 1982 முதல் 1986 வரை கடற்படைத் தளபதி. பிறகு வணிகக் கப்பல்துறை அமைச்சரும் ஆனார். எல்லாம் மக்கள் தெரிவு செய்த பாராளுமன்றம் இருந்த காலத்தில். கேணல்மாருக்கும் அவருக்கும் உள்ள மற்ற வித்தியாசம் இது: பீரங்கி கையில் இருந்தும் அதைக் காட்டி அவர் ஒரு கதிரையும் கேட்கவில்லை.

வேலொஸ் இப்ப ஒரு அருங்காட்சியகம். “மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்யிறது?” எண்டு கேட்கிற ஒவ்வொரு அதிகாரிக்கும் பதில் அங்கே மிதந்துகொண்டிருக்கு.