ஊசி பிடிக்கும் கைக்கு ஒரு பதிவு எண்

போன வாரம் மாலை நடைப்பயிற்சி முடிந்து வழக்கம்போல நாங்கள் நாலைந்து கிழங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ லேப், ஊசி, பிளட் டெஸ்ட் என்று போனது. எங்கள் வயதில் வேறு எங்கே போகும்? அப்போது ஒரு நண்பர் சொன்னார்: "அந்தக் காலத்துல கம்பவுண்டருக்கு என்ன சார் சர்டிபிகேட் இருந்தது? கைராசி இருந்தது. இப்ப எதுக்கெடுத்தாலும் சான்றிதழ், சான்றிதழ்னு உயிரை வாங்கறாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அங்கே வாக்குவாதம் செய்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று பேசாமல் வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவிக்குக் காய்ச்சல். மகாபலிபுரம் போகும் சாலையில் ஒரு சிறிய ஊர், அங்கே ஒரு சிறிய லேப். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் ரிப்போர்ட்டில் சர்க்கரை 312 என்று இருந்தது. அதுவரை அவளுக்குச் சர்க்கரை என்ற பேச்சே கிடையாது. அருகில் இருந்த கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது, "என்னங்க..." என்றவளுக்கு அதற்கு மேல் நாக்குக் குழறியது. எதிர்வீட்டுப் பெண்மணி ஓடிவந்து சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரலில் குத்திப் பார்த்தார்கள்: 41. இரண்டு நாள் படுக்கை. பிறகு வெறும் வயிற்றில் மறுபடி சோதித்தார்கள். 94. அவளுக்குச் சர்க்கரை நோயே இல்லை.

நடந்தது இதுதான். அன்று காலை அந்த லேபில் அவள் பெயரிலேயே இன்னொரு பெண்ணும் ரத்தம் கொடுத்திருக்கிறார். குழாயில் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். வயதும் இல்லை, எண்ணும் இல்லை. அவருடைய 312 இவளுக்கு வந்தது, இவளுடைய அளவு அவருக்குப் போயிருக்கும். உண்மையிலேயே 312 உள்ள அந்த அம்மாள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில ராத்திரிகளில் அதுவே என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

சண்டை போடத்தான் போனேன். முதலாளி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "பொண்ணு புதுசு சார். நேத்தே நிறுத்திட்டேன்" என்றார். விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணே பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டுகொண்டாள். பத்தொன்பது வயதுக்கு மேல் இருக்காது. அம்மா மீன் விற்பவர். "தாத்தா, பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டவள் அழ ஆரம்பித்துவிட்டாள். காலையில் தனி ஆளாக ஐம்பது, அறுபது பேருக்கு ரத்தம் எடுப்பாளாம். சம்பளம் 6,000. "நான் படிச்சிருக்கேன் தாத்தா, சர்டிபிகேட் வச்சிருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அம்மாவின் கம்மலை அடகு வைத்து 25,000 ரூபாய் கட்டி, ஒரு மாடி அறையில் ஆறு மாதம் படித்து வாங்கியது.

33 வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் காகிதம் புரட்டியவன் நான். அந்தக் காகிதத்தையும் அப்படித்தான் பார்த்தேன். லாமினேஷன் இருந்தது. தங்க நிற முத்திரை இருந்தது. அரசாங்கச் சின்னம் மாதிரி, ஆனால் அரசாங்கச் சின்னம் இல்லாத ஒரு சின்னமும் இருந்தது. எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அரசாணைப்படி, எந்தக் கவுன்சிலின் எந்தப் பதிவேட்டில் எத்தனாவது எண் என்பது மட்டும் இல்லை. செல்லாத பத்திரம். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இப்ப என்னம்மா பண்றே?" என்றேன். "பக்கத்து ஊர் லேப்ல சேர்ந்துட்டேன் தாத்தா. அதே வேலைதான்" என்றாள்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்தப் பெண்ணை நான் சொல்ல மாட்டேன். என் மனைவியும் அன்றே சொன்னாள்: "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்லிக் கொடுக்காதவன்தான் தப்பு பண்ணான்." முறையாகப் படித்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கும் விஷயங்கள் இவை. நோயாளியின் வாயால் பெயரைச் சொல்லவைத்து, வயதோ எண்ணோ இன்னொரு அடையாளமும் பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்தவுடன் அவர் எதிரிலேயே குழாயில் எழுத வேண்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, விட்டால் சில அளவுகள் மாறிவிடும். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய், ஏனென்றால் அதில் உள்ள ஃபுளோரைடு இல்லாவிட்டால் வெளியே எடுத்த ரத்தத்திலும் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். இதெல்லாம் கைராசியில் வராது. ஒருவர் சொல்லிக் கொடுத்து, இன்னொருவர் சோதித்துப் பார்த்தால்தான் வரும்.

இப்போது நண்பரின் கம்பவுண்டருக்கு வருகிறேன். எனக்கும் அவரை நினைவிருக்கிறது. கண்ணாடி பாட்டிலில் மிக்ஸர் ஊற்றி, காகிதத்தை மடித்து வெட்டி வேளைக்கு இவ்வளவு என்று பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களுக்குச் சான்றிதழ் இல்லை என்பது அரை உண்மைதான். 1948-இல் மருந்தியல் சட்டம் வந்தது. அதில் முதல் பதிவேடு தயாரிக்கும்போது பட்டம், டிப்ளமோ பெற்றவர்களோடு, குறைந்தது ஐந்து வருடம் மருந்து கலக்கிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு வருபவர்கள் படித்துத் தேறித்தான் வர வேண்டும் என்று கதவைச் சாத்தினார்கள். பழைய ஆட்களைத் தெருவில் விடவில்லை, புதிய ஆட்களைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடவும் இல்லை. நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் அதற்கு முன்பே, 1926-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆக, "அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்பது நம் மறதி.

படிப்பறிவில்லாத அனுபவசாலிகள் என்ன ஆவார்கள் என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதில் நம் வடநெம்மேலியிலேயே இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டபோது இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர்கள், வனத்துறை அனுமதியோடு, இன்ன பாம்பு, இத்தனை பாம்பு என்ற கணக்கோடு பிடிக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கின் விஷத்தையும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த விஷம் போகிறது. நம் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் கையில் இருந்த திறமையை அரசாங்கம் அடையாளம் கண்டது, எல்லை வகுத்தது, அனுமதி கொடுத்தது. சான்றிதழ் என்பதன் பொருள் வேறு என்ன?

இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. ஐந்து வருடம் ஒயரிங் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் எழுதலாம். தேறினால் சான்று. என் வீட்டு ஃபேனுக்குக் கம்பி இழுப்பவருக்கு இந்த வழி இருக்கிறது. என் நரம்பில் ஊசி ஏற்றுபவருக்கு ஏன் இருக்கக் கூடாது? மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்தின் முன் நின்று கதை சொல்லும் வழிகாட்டிகூடச் சுற்றுலாத் துறையின் அங்கீகார அட்டையைக் கழுத்தில் மாட்டுகிறார். கல் செதுக்க 1957 முதல் அதே ஊரில் அரசுக் கல்லூரி இருக்கிறது, பட்டம் கொடுக்கிறார்கள். உளி தவறினால் கல் போகும். ஊசி தவறினால்?

சான்றிதழ் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மதாம் பொவாரி நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் கணவன் சார்ல் பொவாரியை நினைவிருக்கும். அவன் முழு டாக்டர் இல்லை, 'ஒஃபிசியே த சாந்தே'. 1803-இல் பிரான்சு உண்டாக்கிய இரண்டாம் தர வைத்தியன். பெரிய அறுவை செய்வதானால் டாக்டர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும் என்று சட்டம் சொன்னது. பொவாரி, மற்றவர்கள் ஏற்றிவிட்ட ஆசையில், வளைந்த பாதத்தை நேராக்குகிறேன் என்று ஒரு பையனின் காலை அறுத்தான். கடைசியில் அந்தக் காலையே வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதவியை 1892-இல் பிரான்சு ஒழித்தது. இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் ஒன்று: நீ எதைச் செய்யலாம் என்பதோடு எதைத் தொடக் கூடாது என்பதையும் சான்றிதழ் சொல்ல வேண்டும், அதை மீறினால் கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும்.

டாக்டர் அல்லாதவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. செங்கல்பட்டுக்காரன் அப்படிப் பேசினால் நாக்கு அழுகும். திருமணியில் பயிற்சி முடித்துச் சான்று பெற்ற தொழுநோய்ப் பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய்த் தோலில் உணர்ச்சியற்ற தேமலைக் கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்து, எத்தனை பேர் விரல்களைக் காப்பாற்றினார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அவர்களை ஊர் நம்பியதற்குக் காரணம் பயிற்சி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், மருத்துவ உதவியாளர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதன் அட்டவணையில் உண்டு. டிப்ளமோ என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. மத்தியிலும் மாநிலத்திலும் பதிவேடு. படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் சட்டத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரத்தை அலுவலகத்தில் இருந்தவன் அறிவான். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் வந்தது. விதிகள் 2018-இல். இருபத்தோரு வருடம் ஒரு சட்டம் விதியில்லாமல் கிடந்தது! அதுவும் இடத்துக்கான பதிவுதான். ஊசி பிடிக்கும் கைக்கும் பதிவு வேண்டும் என்பதுதான் என் வாதம்.

"செலவு கூடும், சின்ன ஊரில் லேப் மூடிவிடுவார்கள்" என்பார்கள். அந்தச் சர்க்கரை டெஸ்டுக்கு நான் கொடுத்தது 60 ரூபாய். அதன் தவறுக்கு நான் கொடுத்தது பதினாலாயிரம். மலிவு எது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கடைசியாக அந்தப் பெண்ணுக்கே வருகிறேன். பதிவேடு இருந்தால் நோயாளிக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். அவளுக்குச் செல்லுபடியாகும் பதிவு எண் இருந்தால், மாடி அறைக்காரன் அவள் அம்மாவின் கம்மலைப் பிடுங்கியிருக்க முடியாது. தனி ஆளாக அறுபது பேரைப் பார் என்று முதலாளி சொன்னால், "தவறினால் என் பதிவு போகும், இன்னொரு ஆளைப் போடுங்கள்" என்று சொல்ல ஒரு பிடி இருந்திருக்கும். தவறு நடந்த பின் ஏன் நடந்தது என்று விசாரித்து, மறுபடி பயிற்சி கொடுத்திருப்பார்கள். இப்போது நடந்தது என்ன? இங்கே நிறுத்தினார்கள், அங்கே சேர்ந்தாள். எதையும் கற்காமல் அதே கை, அதே வேலை. பெயர் எழுதும் முறையை அந்தப் பஸ் நிறுத்தத்தில் நான்தான் அவளுக்குச் சொன்னேன். பத்திர எழுத்தரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமா அது?

நம்மால் ஆகக்கூடியவை இரண்டு உண்டு. லேபுக்குப் போனால் ரத்தம் எடுப்பவரிடம், மரியாதையாக, "என்னம்மா படிச்சிருக்கே, எங்கே படிச்சே, பதிவு எண் இருக்கா?" என்று கேளுங்கள். குழாயில் நம் பெயரோடு வயதும் எழுதப்படுவதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பேத்தியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ இப்படி ஒரு படிப்பில் சேரப் போவதாகச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பு மருத்துவக் கல்வி இயக்ககம் அங்கீகரித்ததா என்று விசாரித்துச் சொல்லுங்கள். நாம்தான் வேலையில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோமே, இதையாவது செய்யலாம்.

நாளை மாலை அந்த நண்பரிடமும் இதைச் சொல்லப் போகிறேன். அவருக்கு மாதா மாதம் சர்க்கரை டெஸ்ட் உண்டு.