அடம் என்னும் பழி

சோற்றைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளையை நம் ஊர்களில் 'அடம்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். அடுத்த பழி தாயின் மீது: செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டுமே அநியாயம். 1943ல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே உணவு மறுப்பு இடம்பெற்றுவிட்டது.

நம் அரசு ஆணைகளில் இவர்களுக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பெயர். எவ்வளவு தலைகீழான சொல்! நியாயவிலைக் கடை அரிசி இம்மாதம் சற்றுப் பருமனாக வந்திருந்தால், நமக்குத் தெரியாததை இப்பிள்ளைகளில் பலர் முதல் கவளத்திலேயே அறிந்து தட்டைத் தள்ளிவிடுவார்கள். புற உலகம் அளவுமீறி உள்ளே புகுவதே அவர்களது துன்பம். அதற்காக, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. இரண்டு மூன்று பண்டங்களுக்குள் சுருங்கிப்போன பிள்ளைகளுக்கு ஸ்கர்வி கண்ட பதிவுகள் மருத்துவ இதழ்களில் உண்டு.

பல்வலி, மலச்சிக்கல், விழுங்குவதில் கோளாறு இவை இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்த்த பிறகே நடத்தைசார் சிகிச்சை தொடங்க வேண்டும். புதிய பண்டம் தட்டின் ஓரத்தில் இருப்பதைச் சகித்தல், தொடுதல், முகர்தல், உதட்டில் வைத்தல், பிறகு ஒரு பருக்கை. ஒவ்வொரு படிக்கும் பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது உடனே கிடைக்கும். மாதக்கணக்கில் ஆகலாம். இதே மரபில் இன்னொரு முறையும் இருக்கிறது: வாய் திறக்கும்வரை கரண்டியை உதட்டருகிலிருந்து எடுக்காதிருத்தல். பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. என்னால் ஏற்க முடியவில்லை. மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து புகட்டிய வழக்கத்திற்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை. பதின்வயதுப் பிள்ளையிடம் அது அவமானமாகவே முடியும்.

கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமாயிற்று. இருந்தும் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து வாரந்தோறும் கீழிறங்கி வருவதென்றால் கூலிக்காரப் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கும் முட்டுக்காடோ சென்னைக்கருகில் கடலோரத்தில். மெல்லப் பழக்கும் இம்முறைக்குக் கருவிகள் தேவையில்லை. தாய்க்குக் கற்றுத்தர ஓர் ஆள் போதும். மலையிலேயே வேலை பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இப்பயிற்சியை மாவட்ட நிர்வாகம் அளிக்க வேண்டும். நகரத்து உணவுப் பட்டியல் அங்கே உதவாது. சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, மரவள்ளிக் கிழங்கு என்று வீட்டில் இருப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கிழங்கு மட்டுமே தின்னும் பிள்ளைக்கு அதே கிழங்கில் துளி மஞ்சள் சேர்த்து ஒரு துண்டு. அது பழகியபின், அதன் ஓரமாக ஒரு சொட்டுப் பருப்பு.